கலை வரலாறு பயில்வோரின் மனநிறைவு



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஒரு கல்வியைப் பழிக்க நினைப்போர் முதலில் கையில் எடுப்பது இந்தப் பழமொழியைத்தான். தமிழ் இலக்கியம் பயின்றோர் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். மேலை நாடுகளில் இதே பழியைத் தலைமேல் சுமந்து நிற்கும் படிப்பு ஒன்று உண்டு. ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவற்றை அவை தோன்றிய காலத்தோடும் இடத்தோடும் மக்களோடும் பொருத்தி ஆராயும் கலை வரலாறே அது. அப்பட்டத்தைப் பெறுவோர் எந்த அளவுக்கு மனநிறைவு அடைகின்றனர், அந்த நிறைவை எந்தக் கோலால் அளப்பது என்பனவே இவ்வுரையின் பொருள்.

2014 ஜனவரி 30ஆம் நாள், அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமா, விஸ்கான்சின் மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் பேசினார். கைத்தொழிலில் தேர்ந்த இளைஞர் ஒருவர், கலை வரலாற்றுப் பட்டம் பெற்றவரைவிட மிகுதியாகப் பொருள் ஈட்டக்கூடும் என்று அப்பேச்சில் கூறினார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் பேராசிரியை ஒருவர் தம் வருத்தத்தை வெள்ளை மாளிகைக்கு எழுதியனுப்பினார். சில நாட்களில் ஒபாமா கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் அவருக்கு வந்து சேர்ந்தது. தாம் வேலைவாய்ப்பைப் பற்றியே பேசியதாகவும், அப்படிப்பின் மதிப்பைக் குறைத்துப் பேசக் கருதவில்லை என்றும் அதில் விளக்கியிருந்தார். பள்ளிப் பருவத்தில் கலை வரலாறு தமக்கு மிகவும் பிடித்த பாடங்களுள் ஒன்றாக இருந்தது என்றும், அது இல்லாதிருந்தால் வாழ்வில் பல மகிழ்ச்சிகளைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டிருந்தார்.

பேச்சும் கடிதமும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. இரண்டில் எதுவும் பொய்யன்று. பேச்சு வருவாயை அளந்தது. கடிதம் வாழ்வை அளந்தது. கலை வரலாற்று மாணவரின் மனநிறைவு குறித்து எழும் குழப்பமெல்லாம் இவ்விரு அளவுகளையும் ஒன்றெனக் கொள்வதால் விளைவதே.

மாணவர் மனநிறைவை ஆண்டுதோறும் எண்ணாக மாற்றி ஊரறிய வெளியிட்ட நாடு பிரிட்டன். ஆகவே இப்பொருளை ஆராய அந்நாடே தக்க இடம். அங்குக் கலை வரலாறு கல்லூரிப் படிப்பாக வளர்ந்த வகையை முதலில் அறிதல் நலம். பெலிக்ஸ் ஸ்லேட் என்னும் செல்வர் எழுதிவைத்த கொடையால் 1869இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய மூன்றிடங்களிலும் கலைப் பேராசிரியர் இருக்கைகள் தோன்றின. ஆக்ஸ்போர்டில் அவ்விருக்கையில் முதலில் அமர்ந்தவர் ஜான் ரஸ்கின். கலை வரலாற்றைத் தனித் துறையாகக் கற்பிப்பதற்கென்றே கோர்ட்டால்டு நிறுவனம் இலண்டனில் 1932இல் தொடங்கப்பெற்றது. செயற்கைப் பட்டு ஆலைகளின் உரிமையாளரான சாமுவேல் கோர்ட்டால்டு அதற்குப் பொருளும் வீடும் படங்களும் வழங்கினார். மறு ஆண்டே, ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததால் ஹாம்பர்க் நகரிலிருந்த வார்பர்க் நூலகம் கப்பலேறி இலண்டனுக்கு வந்து சேர்ந்தது. 1869இல் பேராசிரியரை அமர்த்திக்கொண்ட ஆக்ஸ்போர்டு, கலை வரலாற்று இளங்கலைப் படிப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொண்டது 2004இல்தான். இருக்கைக்கும் பட்டத்துக்கும் இடையே 135 ஆண்டுகள். அந்த நீண்ட தயக்கத்தின் அடியில் கிடந்தது, படம் பார்ப்பதும் ஒரு படிப்பா என்ற ஐயமே எனலாம்.

படம் பார்ப்பது எளிது. பார்த்ததைச் சொல்வது அரிது. கலை வரலாற்று மாணவர் முதலில் கற்பது இந்த அருமையைத்தான். ஓர் ஓவியத்தின் முன் நிறுத்தி, கண்டதைக் கண்டவாறு எழுதச் சொன்னால், தொடக்கத்தில் அழகு, அற்புதம், துயரம் போன்ற சொற்களே வந்து விழும். அவற்றை நீக்கிவிட்டு, ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது, உருவங்களின் பார்வை எங்கே குவிகிறது, எந்த வண்ணம் எதற்கு அருகில் வைக்கப்பெற்றுள்ளது என்று சொல்லப் பழகுவதற்கே ஓராண்டு கழிந்துவிடும். இரண்டு படங்களை அருகருகே திரையில் காட்டி ஒப்பிட்டுக் கற்பிக்கும் முறையை ஹைன்ரிஷ் வொல்ஃப்லின் போன்ற ஜெர்மன் மொழிப் பேராசிரியர்கள் பரப்பினர். ஒப்பீடு கைவந்த பின்னர், படத்துக்குப் பொருள் கொடுத்தவர் யார், எந்தச் சுவருக்காக வரையப்பெற்றது, யார் யார் கைமாறி இன்றுள்ள இடத்துக்கு வந்தது என்ற வினாக்கள் பின்தொடரும். சொல்லை எடைபோட்டு வைக்கும் பழக்கமுடைய கவிஞருக்கு இப்பயிற்சி அயலானதன்று.

இத்தகைய பயிற்சி தரும் நிறைவை அளக்க ஒரு கருவி வந்தது. 2005ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் தேசிய மாணவர் கருத்தாய்வு நடத்தப்பெற்று வருகிறது. 2022 வரை இறுதியாண்டில் பயிலும் எல்லாத் துறை மாணவரிடமும் சில கூற்றுகள் தரப்பெற்றன. முழுதும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முழுதும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றை மாணவர் குறிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் தெளிவாக விளக்கினாரா, கட்டுரைகள் காலத்தில் திருத்தித் தரப்பெற்றனவா, நூலகம் போதுமானதா என்பன போன்ற கூற்றுகளுக்குப் பின், ஒட்டுமொத்தத்தில் இப்படிப்பின் தரத்தால் மனநிறைவு அடைந்ததுண்டா என்பதும் கேட்கப்பெற்றது. செய்தித்தாள்கள் அந்த ஒரு கூற்றுக்குக் கிடைத்த விழுக்காட்டைத் தரவரிசைப் பட்டியலில் சேர்த்தன. பல்கலைக்கழகங்கள் அதை விளம்பரத் தட்டியில் எழுதின.

அதே காலத்தில் மறுபுறம் மற்றொன்று நிகழ்ந்தது. 1998 வரை பெரும்பாலான மாணவர் தம் கையிலிருந்து கட்டணம் செலுத்தாமல் பயின்ற நாடு அது. 1998இல் ஆண்டுக்கு 1000 பவுன் கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் 2006இல் அது 3000 ஆகவும், 2012இல் 9000 ஆகவும் உயர்ந்தது. கடன் வாங்கிப் படிக்கும் மாணவரிடம் மனநிறைவைக் கேட்பது, கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சரக்கு எப்படி என்று கேட்பதாக மாறிற்று. மாணவர் இந்த மாற்றத்தை உணராமல் இல்லை. கருத்தாய்வின் முடிவு கட்டண உயர்வோடு பிணைக்கப்பெறும் என்ற நிலை தோன்றியபோது, 2017இல் தேசிய மாணவர் ஒன்றியம் அதைப் புறக்கணிக்குமாறு கேட்டுக்கொண்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களில் பாதிப் பேர்கூட விடையளிக்காமையால் அவற்றின் முடிவுகள் அவ்வாண்டு வெளிவரவில்லை. நிறைவா என்று கேட்டவரிடம், கேட்பதன் நோக்கம் யாது என்று மாணவர் திருப்பிக் கேட்டனர். இறுதியில், 2023ஆம் ஆண்டுக் கருத்தாய்வில் இங்கிலாந்து மாணவரிடம் ஒட்டுமொத்த மனநிறைவு பற்றிய அந்தக் கூற்று கேட்கப்பெறாமலே விடப்பட்டது.

கூற்று நீங்கியது, ஆனால் அதன் குறைபாடு ஆராயத்தக்கது. முதற்குறை, கேட்கும் காலம். இறுதியாண்டு மாணவர் ஆய்வேட்டுக்கும் தேர்வுக்கும் இடையே நிற்பவர். கடன் கண்முன் நிற்கும்; வேலை கண்ணுக்குத் தெரியாது. விதைத்தவர் களத்துமேட்டுக்கு வருமுன்பே விளைச்சல் எவ்வளவு என்று கேட்பது போன்றது அது.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. கலை வரலாறு கற்பிக்கும் முதன்மையான பாடமே நிறைவின்மைதான். முதற்கவிதையால் முழு நிறைவு அடைந்த கவிஞர் இரண்டாம் கவிதை எழுதுவதில்லை. அதுபோல், அருங்காட்சியகத்துச் சுவரில் ஒட்டப்பெற்ற குறிப்பை வாசித்ததோடு நிறைவடைந்த மாணவர் எதையும் கற்றவராகார். இதற்கு ஆக்ஸ்போர்டிலேயே சான்று உண்டு. அது தமிழகத்தோடும் தொடர்புடையது. அப்பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் இலண்டன் ஏலத்தில் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆவணங்களில், கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுக்கப்பெற்ற ஒளிப்படம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வாளர் ஒருவர் 2019இல் ஐயத்தை எழுப்பினார். 2020இல் இந்தியத் தூதரகம் முறைப்படி உரிமை கோரியது. 2024இல் பல்கலைக்கழக மன்றம் திருமேனியைத் திருப்பியளிக்க இசைவு தெரிவித்தது. ஏலச் சீட்டில் எழுதியிருந்ததோடு எல்லோரும் நிறைவடைந்திருந்தால் இந்த ஐயம் எழுந்திராது. இரு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் அந்தப் பழைய பயிற்சியே இங்குப் பயன் தந்தது. கற்றவரை அமைதியிழக்கச் செய்யும் படிப்பை, அவர் எவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்ற கோலால் அளப்பது பொருந்துமா?

நிறைவு என்பது இப்படிப்பில் வரவே வராதா என்ற வினா இங்கு எழும். வரும், ஆனால் மெல்ல வரும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் பேராசிரியர் ஜெனிபர் ராபர்ட்ஸ், 2013இல் வெளியிட்ட கட்டுரையில் தம் மாணவருக்குத் தரும் ஒரு பயிற்சியை விளக்கியுள்ளார். மாணவர் ஓர் ஓவியத்தைத் தேர்ந்து, அதன் முன் மூன்று மணி நேரம் அமர்ந்து பார்க்க வேண்டும். இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று தொடக்கத்தில் மறுக்கும் மாணவர், முடிவில் வியப்போடு எழுகின்றனர் என்கிறார் அவர். சான்றுக்குத் தம் பட்டறிவையே தருகிறார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், ஜான் சிங்கிள்டன் கோப்ளி 1765இல் வரைந்த, பறக்கும் அணிலோடு அமர்ந்திருக்கும் சிறுவனின் ஓவியம் உள்ளது. சிறுவனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோரத்து மயிர் விளிம்பும் ஒத்திருப்பதைக் காண அவருக்கு ஒன்பது நிமிடங்கள் ஆயின. சங்கிலி பிடித்த விரல்களின் அகலமும் அதன் கீழிருக்கும் தண்ணீர்க் குவளையின் வாயகலமும் ஒன்றே என்று காண 21 நிமிடங்கள் ஆயின. பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்புகள் சிறுவனின் காதையும் கண்ணையும் எதிரொலிப்பதைக் காண 45 நிமிடங்கள் ஆயின. ஒவ்வொன்றும் முதல் நொடியிலிருந்தே கண்முன் இருந்தது. ஆயினும் காணப்படாமல் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தின் பத்தாம் நிமிடத்தில் ஒரு மாணவரை எழுப்பி, நிறைவா என்று கேட்டால் அவர் இல்லையென்றே சொல்வார். பட்டப் படிப்பின் இறுதியாண்டு, வாழ்நாள் முழுவதையும் நோக்க, அந்தப் பத்தாம் நிமிடம் போன்றது.

அதே பாஸ்டன் அருங்காட்சியகம் தமிழரும் நினைவுகூரத்தக்க ஓரிடம். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் 1947இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் பணியாற்றியது அங்கேதான். அவர் பெற்ற பட்டம் கலை வரலாற்றில் அன்று, நிலப்பொதியியலில். இலங்கையின் கனிமங்களை ஆராய்வதற்காகச் சென்ற அவர், ஊர்தோறும் கைவினைஞரின் வறுமையைக் கண்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் வெளியிட்டார். ஆடவல்லானின் திருவுருவத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தைக் கொண்ட சிவ நடனம் என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு 1918இல் வெளிவந்தது. பட்டம் இல்லாமலே ஒருவர் இவ்வளவு செய்தாரே, பட்டம் எதற்கு என்று இதைக்கொண்டு வாதிடுவோர் உண்டு. குமாரசுவாமி வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். விரும்பியதைத் தேடிப் பயணம் செய்ய அவரால் இயன்றது. அந்த வசதி இல்லாதவருக்கு அதே கதவைத் திறந்துவிடுவதே பட்டப் படிப்பின் கடமை.

அக்கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே இப்பொருளில் உள்ள மெய்யான கவலை. பிரிட்டனில் கலை வரலாறு செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்ற பெயர் நெடுங்காலமாக நிலவுகிறது. இளவரசர் வில்லியம் 2001இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது கலை வரலாறு பயிலவே. பின்னர் அவர் புவியியலுக்கு மாறினார். அங்கேயே கலை வரலாற்றில் பட்டம் பெற்று 2005இல் வெளிவந்த கேட் மிடில்டன் பின்னாளில் அவர் மனைவியானார். பள்ளி மேல்நிலையில் இப்பாடம் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளிலேயே கற்பிக்கப்பெற்று வந்தது. 2016 அக்டோபரில், அப்பாடத்துக்குத் தேர்வு நடத்திவந்த ஒரே வாரியம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. கலைஞரும் அறிஞரும் ஆசிரியரும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு தேர்வு நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஒரு பாடம் நூலிழையில் பிழைத்த கதை இது. பிழைக்காதிருந்தால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பில்லை. வீட்டுச் சுவரிலும் விடுமுறைப் பயணத்திலும் அவர்கள் ஓவியத்தைக் கண்டுகொள்வர். இழப்பு, பள்ளியில் மட்டுமே அதைச் சந்திக்கக்கூடிய பிள்ளைக்குத்தான்.

வருவாயின் பக்கத்தை மறைப்பதும் நேர்மையன்று. அருங்காட்சியகங்களிலும் ஓவியக்கூடங்களிலும் தொடக்கநிலைப் பணிக்கு ஊதியம் குறைவு. ஊதியமில்லாப் பயிற்சிப் பணியைக் கடந்தே பலர் உள்ளே செல்ல நேர்ந்தது. இலண்டன் போன்ற நகரில் வாடகை கொடுத்துக்கொண்டு ஊதியமின்றி உழைக்க யாரால் இயலும்? இத்துறையில் மாணவர் கூறும் குறைகளுள் நியாயமானது இதுவே. ஆயினும் அது படிப்பின் மேல் உள்ள குறையன்று. படித்தவரைப் பயன்கொள்ளும் சமுதாயத்தின் மேல் உள்ள குறை. அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இங்கு நோக்கத்தக்கது. இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்ற மானுடவியல் துறைகளில் பட்டம் பெற்றோரின் வருவாய் பொறியியல் பட்டதாரிகளின் வருவாயைவிடக் குறைவாயினும், தம் பணியிலும் வாழ்விலும் அவர்கள் அடைந்துள்ள நிறைவு மற்றத் துறையினரின் நிறைவோடு ஏறத்தாழ ஒத்தே உள்ளது என்பது அதன் முடிவு. வருவாயும் நிறைவும் ஒரே கயிற்றில் கட்டப்பெற்ற இரண்டு மாடுகளல்ல என்பதை அது காட்டுகிறது.

இதை மறந்தால் விளைவு யாது? இங்கிலாந்தில் 2022இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, முழுநேரப் பட்டம் பெற்றோருள் குறைந்தது 60 விழுக்காட்டினர் பட்டத்துக்குப் பின் உயர்நிலைப் பணியிலோ மேற்படிப்பிலோ அமைய வேண்டும் என்பது ஓர் எல்லை. அதே ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்று ஆங்கில இலக்கியத் தனிப்பட்டப் படிப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இன்று கலை வரலாற்றை நோக்கி நீளும் விரல் நாளை இலக்கியத்தை நோக்கித் திரும்பும் என்பது வெறும் அச்சமன்று. ஏட்டுச் சுரைக்காய் என்ற பழியைத் தமிழ் பயின்றோரும் கலை வரலாறு பயின்றோரும் பங்கிட்டுக்கொண்டே வந்துள்ளனர். ஆகவே ஒருவர் துறை மூடப்படுகையில் மற்றவர் வாளாவிருத்தல் தகாது.

மாணவரைக் கேட்கவே கூடாது என்பது இதன் முடிவன்று. கேட்க வேண்டும், ஆனால் இரண்டு வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். படித்ததால் பார்வை மாறியதா என்பது ஒன்று. படித்ததைக் கொண்டு வாழ முடிகிறதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு இல்லையென விடை வந்தால் திருந்த வேண்டியவர் ஆசிரியர். இரண்டாம் வினாவுக்கு இல்லையென விடை வந்தால் திருந்த வேண்டியவை அருங்காட்சியகமும் அரசும் சமுதாயமும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிட்டால், திருந்த வேண்டியவர் யாரும் இல்லாமற் போய், மூடவேண்டிய துறை மட்டும் மிஞ்சும்.

ஒபாமாவின் கடிதம் சில வரிகளே கொண்டது. பள்ளியில் கற்ற பாடம் ஒன்று பல்லாண்டுகளுக்குப் பின்னும் ஒருவருக்கு மகிழ்ச்சி தந்துகொண்டிருந்தது என்ற செய்தி அதில் இருக்கிறது. எந்தக் கருத்தாய்வும் அவரை அவ்வளவு காலம் கழித்துத் தேடிச்சென்று கேட்டிராது. ஒரு பேராசிரியை வருந்தி எழுதியதால் மட்டுமே அது வெளிவந்தது. கற்றோரின் நிறைவு பெரும்பாலும் இவ்வாறு, கேட்பாரின்றி, அவரவர் கண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது இல்லையென்று கணக்கெழுதுவோர்க்கு இருக்கிறதென்று எடுத்துரைப்பது கவிஞரின் பணிகளுள் ஒன்றாகட்டும்.